கூழில் ராச்சுன் இல்லை

பெருங்காற்று அடித்து, கோயில் மண்டபத்துத் தகரக் கூரை பறந்துபோய்ச் செம்பனைக் காட்டுக்குள் விழுந்ததே, அதற்கு அடுத்து வந்த ஆடி மாதம் அது. கூரை இருந்த இடத்தில் நீலக் கித்தானை இழுத்துக் கட்டியிருந்தோம். கீழே நின்றவர்கள் முகமெல்லாம் நீலம் பூசியது மாதிரி இருந்தது. அதனால் அந்த வருஷத்துக் கூழ் எனக்கு மறக்கவில்லை. மறக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, என் மகள் செல்வி எழுதுகிறாள். கூலிம் டவுனில் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள், நேரமில்லாதவள். "சுருக்கமா சொல்லுப்பா" என்கிறாள். அன்றைக்கு எல்லாரும் சுருக்கமாகப் பேசியதால்தான் எனக்கு அந்தக் கதி வந்தது. நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

நான் பிறந்தது பாடாங் மேஹா பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். முதலில் பால் மரம் சீவினேன். ரப்பரை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது என்னை மருந்தடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். முதுகில் மருந்துத் தோங்கை, அந்தப் பிளாஸ்டிக் பீப்பாயை, மாட்டிக்கொண்டு, லாலான் புல்மேல் அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அந்த மருந்துக்குத் தோட்டத்தில் ராச்சுன் என்று பெயர். மலாயில் விஷம் என்று அர்த்தம்.

என் தம்பி கோவிந்தன் அதைக் குடித்துத்தான் செத்தான். கல்யாணமாகாத பையன். ஏன் குடித்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டிராக்டரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலையை நான் மடியில் வைத்திருந்தேன். காலைச் சன்னாசி பிடித்திருந்தான். அதற்குப் பிறகு நான் தோங்கைத் தொடவில்லை. கங்காணியான மண்டோரிடம் சொல்லிச் செம்பனைக் குலை வெட்டுகிற வேலைக்குப் போய்விட்டேன். மருந்தடித்த தோங்கு, சட்டை, கையுறை எல்லாவற்றையும் லயத்துக்குப் பின்னால் கொளுத்துவதற்குக் குவித்தேன். தீக்குச்சி கிழித்துப் போட்டவன் சன்னாசி.

சன்னாசி யாரென்றால், லயத்தில் என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். அவன் வீட்டில் கருவாடு பொரித்தால் எனக்குப் பசிக்கும். நான் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து, "சுடுதண்ணி குடிடா பெருமாளு" என்று குரல் வரும். தோட்டத்தை விற்று, எங்களைத் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கு மாற்றியபோதும் அவன் அடுத்த வரிசையில்தான் வந்து உட்கார்ந்தான். கோயில் மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. அவன் கோயில் தலைவரானான். நான் கூழ் காய்ச்சுகிறவன் ஆனேன்.

எங்கள் கோயிலில் கூழுக்கு ஒரு முறை உண்டு. முதல் நாளே கேழ்வரகைக் காய்ச்சி அண்டாவில் ஆற விடுவோம். காலையில் அது கெட்டியாகிக் கிடக்கும். தலைவர் கையைக் கழுவிவிட்டு வந்து, அண்டாவுக்குள் கைவிட்டு முதல் கட்டியை மோரில் கரைக்க வேண்டும். 'தலைவர் கை' என்று அதற்குப் பெயர். தலைவர் கை படாத கூழை எங்கள் பெண்கள் வாயில் வைக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் அகப்பையை எடுப்பேன். வெங்காயம், மாங்காய் எல்லாம் போட்டுக் கலக்கி ஊற்றுவேன்.

அன்று காலை சன்னாசி தாமதமாக வந்தான்.

"என்னாடா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றேன்.

"ராத்திரி தூக்கம் இல்லடா. பேரன் ஒரே அழுக."

பூசை முடிவதற்குள் இரண்டு தடவை கோயில் பின்பக்கம் போய்விட்டு வந்தான். நான் சும்மா இருக்காமல், "தலைவருக்கு முன்னாடிய விட பின்னாடிதான் வேல அதிகம்போல" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வந்து கையை நனைத்துக்கொண்டு அண்டாவுக்குள் விட்டான். கட்டியைக் கரைத்தான். கூட்டம் குலவை போட்டது. நானும் இரண்டு குவளை குடித்தேன். கூழ் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் கோயில் வாசலில் நின்று சொல்லத் தயார்.

மறுநாள் சாயங்காலம் வரை எனக்கு ஒன்றும் இல்லை. காலையில் பசியாறினேன், மத்தியானம் சோறு தின்றேன். வெயில் சாய்கிற நேரத்தில் வாயில் எச்சில் ஊறியது. வயிற்றுக்குள் யாரோ துணி பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. குளியலறைக்குப் போய்ச் சேருவதற்குள் வாந்தி. மத்தியானச் சோறு அப்படியே வந்தது. பிறகு வெறும் மஞ்சள் தண்ணீர். அது ஓய்ந்தது என்று உட்கார்ந்தால் வயிற்றால் போக ஆரம்பித்தது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி தண்ணீராகப் போனது. ரத்தம் இல்லை, சளி இல்லை. உடம்பு லேசாகச் சுட்டது. எலும்பெல்லாம் வலி. கெண்டைக்கால் கட்டையாகி இழுத்தது.

என் மனைவி பாப்பாத்தி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். வாந்தி வாளியை அவள்தான் எடுத்து ஊற்றினாள், அவள்தான் கழுவினாள். நான் வேண்டாம் என்றால், "ஏன், ஒங்க வாந்திக்கு வெளியேர்ந்து ஆளு கூப்புடணுமா?" என்றாள். அவளுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. அதனால் அன்றைக்கு அவள் கூழ் குடிக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விடிந்ததும் செல்வி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காடியைக் கொண்டுவந்தாள். பின்சீட்டில் பிளாஸ்டிக் விரித்திருந்தாள்.

"கோவிச்சுக்காதப்பா. இன்னும் தவணை முடியாத காடி இது."

சர்க்கார் கிளினிக்கில் நுழைந்தால் பாதி ஊர் அங்கே இருந்தது. முந்தாநாள் கூழ்க் குவளை நீட்டியவர்கள் இன்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் அம்மா மடியில் துவண்டு கிடந்தன. எனக்கு அந்த நிலையிலும் வாய் அடங்கவில்லை. "கோயில் மீட்டிங்க இங்கயே வச்சிரலாம்போல" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் வரிசையில் குடியிருக்கிற ராணி, பக்கத்து நாற்காலியில் இருந்தவள், எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றாள். என் மேல் நாற்றம் அடிக்கிறதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டாக்டருக்கு உதவியாக முன் மேசையில் ஒரு மலாய்க்காரப் பையன். இப்போது அவர்களுக்கு வேறு பெயர், நான் இன்னும் டிரசர் என்றுதான் சொல்வேன். பிரஷர் பார்த்தான். என்ன தின்றேன் என்று கேட்டான். கூழ் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, "கெராச்சூனான் மக்கானான்?" என்றான்.

எனக்குக் காதில் விழுந்தது நடுவில் இருந்த ராச்சுன் மட்டும்தான். டிராக்டரும் கோவிந்தன் தலையும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"யாருடா ராச்சுன் போட்டது? என்னா சொல்றான் இவன்?" என்று செல்வியின் கையைப் பிடித்தேன்.

"ஐயோ அப்பா, கத்தாத. சாப்பாடு கெட்டுப்போயி வயிறு சரியில்லாம போனா மலாய்ல அப்படித்தான் சொல்வாங்க லா. நீ அடிச்ச ராச்சுன் இல்ல."

பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு அது தெரிகிறது. என் வயதுக்காரர்களுக்கு ராச்சுன் என்றால் தோங்கில் இருப்பது ஒன்றுதான். எனக்கு விளக்கிச் சொல்ல ஒரு மகள் பக்கத்தில் இருந்தாள். எனக்கு முன்னால் வந்து, அதே கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு, விளக்க ஆளில்லாமல் வீட்டுக்குப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

டாக்டர் சின்ன வயதுத் தமிழ்ப் பிள்ளை. என்னை அவசரப்படுத்தவில்லை. வாந்தி முதலா, வயிற்றால் போனது முதலா என்று கேட்டது. ரத்தம் போனதா, காய்ச்சல் எவ்வளவு, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனேன், என்ன நிறம் என்று கேட்டது. நாக்கை நீட்டச் சொன்னது. கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தது.

"வயசானவங்க தோலு எப்பவுமே மெதுவாத்தான் எறங்கும் ஐயா. அதனால நாக்கையும் பாக்கணும். நாக்கு காஞ்சு கெடக்கு. ஒடம்புல தண்ணி கொறஞ்சிருக்கு. இது பாத்தா வைரஸ் மாதிரி இருக்கு."

"மறுபடியும் அதுவா டாக்டர்? முகமூடி போட்டு வீட்டுக்குள்ளயே உக்கார வச்சாங்களே, அதுவா?"

"அது இல்ல. இது கொடல்ல வர்ற வைரஸ். மொதல்ல வாந்தி, அப்புறம் தண்ணியா போவும், லேசா காய்ச்சல், ஒடம்பு வலி. பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிரும். அதுவரைக்கும் ஒடம்புல தண்ணி வத்தாம பாத்துக்கணும். அவ்வளவுதான் வைத்தியம்."

"ஒரு ஊசி போட்டு விடுங்களேன்."

"கிருமிய கொல்ற மருந்து இதுக்கு வேல செய்யாது. சும்மா போட்டா வயிறு இன்னும் கெடும்."

எங்கள் தோட்டத்து டிரசர் எந்த நோய்க்கும் ஒரே வெள்ளை மருந்தைத்தான் ஊற்றிக் கொடுப்பார், சுண்ணாம்பு மாதிரி இருக்கும். தலைவலிக்கும் அதுதான், முதுகுவலிக்கும் அதுதான். நாங்களும் பிழைத்தோம். அதை இந்தப் பிள்ளையிடம் சொன்னேன். சிரித்தது. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டது.

"சாப்பாட்டுல உள்ள நஞ்சுன்னா சாப்பிட்டவங்களுக்கு பெரும்பாலும் சில மணி நேரத்துலயே வந்துரும். உங்க ஊரு ஆளுங்க ஒவ்வொருத்தரா, மறுநாளு, அதுக்கு மறுநாளுன்னு வர்றாங்க. இது ஆளுக்கு ஆளு தொத்துற மாதிரி இருக்கு. அடுப்ப அணைச்ச பெறகு கூழுல யாரு கை பட்டிச்சு? வாந்தியோ பேதியோ இருந்தவங்க யாராச்சும் தொட்டாங்களா? சோப்பு போட்டு நல்லா கழுவலைன்னா கையில ஒட்டிக்கிட்டு வந்துரும்."

"தலைவர்தான் கைவிட்டாரு. அவருக்கு ஒன்னும் இல்லியே" என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

என்னைப் பக்கத்து அறையில் படுக்கவைத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். கட்டிலுக்குக் கட்டில் திரை. மேலே புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பால் மரத்தில் கோப்பைக்குள் சொட்டுவதைப் பார்த்த கண்ணுக்கு அது பழக்கமானதுதான். செல்வி கிளினிக்கில் பொட்டலமாகக் கொடுத்த உப்புத்தூளைக் கரைத்து அந்தத் தண்ணீரைக் கரண்டியால் கொடுத்தாள். ஒரே மடக்காகக் குடித்தால் திரும்ப வந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்க வேண்டுமாம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் அவளுக்கு மருந்து கொடுக்க மூக்கைப் பிடிப்பேன். இப்போது அவள் என் மூக்கைப் பிடிக்கவில்லை, அதுவே பெரிய காரியம். பிறகு மருந்து வாங்க வெளியே போனாள்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுகிற சத்தம். தமிழ் நர்ஸ் ஒருவர் கேட்டார், "பையனுக்கு எப்பலேர்ந்து?"

"கோயிலுக்கு முந்துன நாளே சிஸ்டர். கொறஞ்ச மாதிரி இருந்திச்சு, மறுபடியும் போவுது."

குரல் எனக்குத் தெரிந்த குரல். சன்னாசியின் மருமகள் மாலா.

"வீட்டுல வேற யாருக்காச்சும்?"

"மாமாவுக்கும் இருக்கு. இவன் வாந்திய அவருதான் அள்ளிப் போட்டாரு. கோயிலுக்கு அன்னிக்கி விடியக்காலையிலேர்ந்து அவருக்கும் வயித்தால. போவாதீங்கன்னு சொன்னேன். தலைவர் கை இல்லாம கூழா, யார்ட்டயும் மூச்சு விடாதன்னுட்டாரு."

எனக்கு அந்த நேரத்தில் கோபம்கூட இல்லை. பாவம், மறைத்துவிட்டான், சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனார். மாலா என்னைப் பார்த்துவிட்டாள். முகம் செத்துப்போனது.

"பெரியப்பா, நீங்களா? கேட்டுச்சா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க பெரியப்பா. அந்த வீட்டுல நான் இருக்க முடியாது."

மறுபடியும் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் என்னை எவ்வளவு காலம் வாயடைத்துப்போட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் பாப்பாத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். கடைக்கு உப்பு பிஸ்கட் வாங்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள்.

"கூழுல ராச்சுனாம். கிளினிக்குல டிரசரே சொல்லிட்டாராம். நீங்க பழைய மருந்துத் தோங்குல தண்ணி மொண்டு ஊத்துனீங்களாம். ராணி சொல்றா, கடக்காரரு சொல்றாரு, எல்லாரும் சொல்றாங்க."

"சன்னாசிய கேக்கச் சொல்ல வேண்டியதுதானே? என் தோங்கு, சட்டை எல்லாம் எரிஞ்சத பாத்தவன் அவன்தானே?"

பாப்பாத்தி கையில் இருந்த வெறும் பையை மடித்தாள்.

"அவரு அங்கதான் நின்னாரு. ராணி கேட்டா, பெருமாளு அண்ணன்கிட்ட இன்னும் அந்தத் தோங்கு இருக்கான்னு. அவரு சொன்னாரு, எனக்கென்னா தெரியும்னு."

நான் அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதையேதான் சொன்னாள்.

ராச்சுன் உள்ளே போனால் வாய் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். அவனும் பார்த்தவன். ஊரில் ஒருவருக்கும் வாய் வேகவில்லை, தொண்டை வேகவில்லை. இது அது இல்லை என்று தெரிந்துகொள்ள அவனுக்கு டாக்டர் தேவையில்லை.

எனக்கு வயிறு அடங்கி, கஞ்சி இறங்க ஆரம்பித்தபோது பாப்பாத்தி படுத்துவிட்டாள். அதே வாந்தி, அதே பேதி. திரும்ப அதே கிளினிக். டாக்டர் பிள்ளை கேட்டது, "அம்மா கூழே குடிக்கலியா? அப்ப ஐயாகிட்டேர்ந்துதான் வந்திருக்கு. வாளிய வெறும் தண்ணில கழுவுனீங்களா? குளோரோக்ஸ் பிளீச்சு ஊத்திக் கழுவுங்க, சோப்பு போட்டு கை கழுவுங்க." பாப்பாத்தி என்னைப் பார்த்து, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க எனக்குக் குடுத்தது இதுதான்" என்றாள். டாக்டர் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கூழ் குடிக்காதவளுக்கும் வந்ததை ஊரில் சொன்னேன். "புருசன் பொண்டாட்டி, ஒருத்தரப் பாத்து ஒருத்தரு நடிக்கிறாங்க" என்று ராணி சொன்னாளாம்.

நடக்கத் தெம்பு வந்ததும் சன்னாசி வீட்டுக்குப் போனேன். வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாடா. ஒடம்பு தேவலயா?"

"தேவல. அன்னிக்கி பூசையில ரெண்டு தடவ பின்னாடி போனியே, ஒனக்கு தேவலயா?"

அவன் தண்ணீர்க் குழாயை அடைக்கவில்லை. தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நான் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன், மாலாவை மட்டும் விட்டுவிட்டு.

"மெதுவா பேசுடா. தலைவர் கையி பட்டுத்தான் ஊருக்கே வாந்தின்னு சொன்னா, எவன் கோயிலுக்கு வருவான்?"

"ராச்சுன்னு சொன்னா மட்டும் வருவானா?"

"ஒன்னய பத்தி கொஞ்ச நாளு பேசுவாங்க, மறந்துருவாங்க. நீ சும்மா கூழு கலக்குறவன். என்னய அப்படி விடுவாங்களா? நான் தலைவரு லா."

"கோவிந்தன் கால பிடிச்சிருந்தவன்டா நீ. அந்த வார்த்தைய என் மேல போட ஒனக்கு எப்படிடா மனசு வந்திச்சு?"

"நானா போட்டேன்? டிரசர் போட்டாரு."

"நீ இல்லன்னு சொல்லி அத எடுத்துப் போடலயே."

அவன் குழாயை அடைத்தான். "சரிடா, மீட்டிங்ல சொல்றேன். போதுமா?" என்றான். நம்பினேன். ஒரே பலகைச் சுவரில் வளர்ந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மீட்டிங் அந்த நீலக் கித்தானுக்குக் கீழேதான் நடந்தது. நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். சன்னாசி எழுந்தான். கூரைக்குச் சேர்ந்த பணத்தைப் பேசினான், பூசாரியைப் பேசினான். கடைசியில், "கூழு விசயத்துல யாரையும் குத்தம் சொல்ல வேணாம். அடுத்த வருசத்துலேர்ந்து வெளியில ஆர்டர் பண்ணிருவோம்" என்றான்.

ராணி எழுந்தாள். "தலைவரே, ஒன்னு மட்டும் சொல்லுங்க. பெருமாளு அண்ணன் தோங்குல ராச்சுன் இருந்திச்சா இல்லியா?"

நான் அவனைப் பார்த்தேன். நீல வெளிச்சத்தில் அவன் முகம் யாரோ மாதிரி இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த சாவியைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

"எனக்கென்னா தெரியும்" என்றான்.

நான் எழுந்து, "எங்கிட்ட தோங்கே கெடையாது" என்றேன். மாலா சொன்னதையும் சொல்ல வாயெடுத்தேன். கடைசி வரிசையில் மாலா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணால் கும்பிட்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன். குற்றம் உள்ளவன் உட்கார்ந்த மாதிரிதான் அது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது கூழ் மூடி போட்ட கோப்பையில் வருகிறது. சுத்தமாக இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. தலைவர் கையும் இல்லை, என் கையும் இல்லை. நான் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறேன். எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் இன்னும் ஒரு அடி தள்ளித்தான் நிற்கிறார்கள். சன்னாசி என்னைக் கண்டால், "எப்படிடா இருக்க" என்கிறான். "இருக்கேன்" என்கிறேன். நான் இருமினால் கேட்கிற தூரத்தில் அவன் இப்போது இல்லை.

மாலாவும் புருஷனும் சுங்கைப் பட்டாணிக்குத் தனிவீடு போய்விட்டார்கள். போன தீபாவளிக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். போகும்போது வாசலில் நின்று, "பெரியப்பா, இனிமே சொல்லிருங்க. நானே சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள். அதனால்தான் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். வாந்தியும் பேதியும் வந்த வீட்டில் உள்ளவர்கள், அது நின்ற பிறகும் ஒன்றிரண்டு நாளாவது ஊருக்குப் பொதுவான சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம் என்று டாக்டர் பிள்ளை சொன்னது, அதைச் சொல்லுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். கிளினிக்கில் கொடுக்கிற உப்புத்தூள் கரைத்த தண்ணீரை விடாமல் கொடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் போனாலோ, ஒன்றுக்குப் போகாமல் சுருண்டு படுத்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லுங்கள். கிளினிக்கில் கெராச்சூனான் என்று கேட்டால் அது தோங்கில் இருக்கிற ராச்சுன் இல்லை என்று, என் வயதுக்காரர்கள் காதில் போட்டு வையுங்கள்.

எங்கள் பக்கம் வந்து, யாராவது உங்களிடம் அந்த நீலக் கித்தான் வருஷத்துக் கூழைப் பற்றிக் கேட்டால், எனக்கென்னா தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இப்போது உங்களுக்குத் தெரியும்.